ஊசிக்கு முன் ஒரு கேள்வி

இதயத்துக்குப் பதிலாக இரத்தத்தை ஓட்டும் எக்மோ இயந்திரத்தில் இருக்கும் நோயாளிக்கு, இதயப் படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தும் முன், நம் துறையில் ஒரு கேள்வி உரக்கக் கேட்கப்படுகிறது: "பப்புள் ஸ்டாப் ஆஃப்ல இருக்கா?" ஊசியைக் கையில் வைத்திருப்பவர் இதைக் கேட்பதில்லை. அருகில் வேலையின்றி நிற்கும் இரண்டாவது மருத்துவர்தான் கேட்க வேண்டும். இயந்திரத்தை இயக்குபவர் வாய்விட்டுப் பதில் சொல்லும் வரை ஊசி நகரக் கூடாது. சென்ற மாதம் இளைய மருத்துவர்களான உங்களில் சிலர், ஓய்வுபெற்ற என்னைப் பார்க்கக் கூடுவாஞ்சேரியில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, இந்த வழக்கம் எப்படி வந்தது, கேட்பவர் ஏன் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று விசாரித்தீர்கள். இந்தக் கேள்விக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயரையும் சொன்னீர்கள். பெயரைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

அன்று நான் சொன்ன விளக்கம் சரியானதுதான், ஆனால் முழுமையானதல்ல. முழு விளக்கத்தில் பொறாமை வருகிறது. அதை வீட்டுக்கு வந்த விருந்தினர்களிடம் சொல்ல முடியவில்லை. எழுத முடிகிறது.

எஸ்தரும் நானும் ஒரே ஆண்டில் இந்த மருத்துவமனையில் சேர்ந்தோம். ஒரே படிப்பு, ஒரே பதவி, அடுத்தடுத்த அறைகள். அவள் பீர்க்கன்கரணையிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். நான் கூடுவாஞ்சேரியிலிருந்து மின்ரயிலில், மடியில் ஒரு புத்தகத்தோடு வருவேன். ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ எடுப்பது இருவருக்கும் தொழில். அவளுக்கு அது கையில் பிறந்திருந்தது. மற்ற நாங்கள் எல்லோரும் புரோப் என்ற கைக்கருவியை மார்பில் வைத்ததும் திரையைப் பார்ப்போம். அவள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பாள். பேச்சுக் கொடுப்பாள், மணிக்கட்டு எங்கோ ஒரு நூலிழை சாயும், திரையில் இதயம் வந்து உட்கார்ந்துவிடும். நான் அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு விலா எலும்பின் நிழல்தான் வரும்.

என் படங்கள் மோசம் என்று யாரும் சொன்னதில்லை. என் அறிக்கைகளைப் பாடமாக வைத்துக்கொண்டவர்கள்கூட உண்டு. ஆனால் ஒரு வார்டிலிருந்து அழைப்பு வந்து, தொலைபேசியை நான் எடுத்தால், மறுமுனையில் முதலில் என் பெயரைக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு மிகவும் மரியாதையாக, "எஸ்தர் மேடம் இல்லைங்களா மேடம்?" என்பார்கள். பணிக்காலம் முழுவதும் நான் கேட்ட இசை அது.

என் அம்மாவுக்கு வால்வில் ஒரு சிறு கசிவு இருந்தது. ஆண்டுதோறும் நான்தான் எக்கோ எடுப்பேன். ஒருமுறை நான் ஊரில் இல்லாததால் எஸ்தர் எடுத்தாள். அடுத்த ஆண்டு படுக்கையில் ஏறிப் படுத்த அம்மா, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா சுகுணா, அந்தப் பொண்ணு எஸ்தர் இன்னிக்கு லீவா?"

"ஏம்மா, நான் எடுத்தா படம் வராதா?"

"வரும், யார் வராதுன்னா? நீ எடுக்கறச்சே மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கற. எனக்கு என்னவோ ஆயிடுச்சோன்னு படபடன்னு அடிச்சுக்குது. அந்தப் பொண்ணு என்னைக் கேட்டுது, 'மாவடு எப்படிப் போடுவீங்க'ன்னு. சொல்லி முடிக்கறதுக்குள்ள வேலை ஆயிடுச்சு."

அடுத்த அறைக்குப் போய் எஸ்தரை அழைத்து வந்தேன். மாவடுவைப் பற்றிய இரண்டாம் பகுதி அன்று பேசப்பட்டது.

இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பொறாமை எனக்கு இரத்த அழுத்தம்போல. இருந்தது, அளந்தேன், வேலைக்குப் போனேன். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அவசரம் வரும்போது அதை என்ன செய்வது என்பதைத்தான். அதற்கு வேலுவின் கதை வேண்டும்.

வேலு கோவிலம்பாக்கத்தில் மனைவியோடு வாடகைக்கு இருந்தவன். குட்டியானை என்று அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டி ஓட்டுவான். அவன் அம்மா அஞ்சலை, கடலோரக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து மேடவாக்கம் பக்கம் தெருவில் விற்பவர். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியவனுக்கு, சில நாட்களில் மூச்சு வாங்கத் தொடங்கியது. கிருமி இதயத் தசையைத் தாக்கியிருந்தது. நம்மிடம் வந்து சேரும்போது அவன் இதயம் துடிக்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எக்மோவில் போட்டார்கள். தொடையில் ஒரு குழாய் இரத்தத்தை வெளியே எடுத்தது; இயந்திரம் அதற்குப் பிராணவாயு ஊட்டி இன்னொரு குழாய் வழியாகத் தமனிக்குள் திருப்பி அனுப்பியது. அவன் உயிர் அந்தக் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. இதயம் ஓய்வில் இருந்தது.

ஓய்வில் இருக்கும் இதயத்துக்கு ஒரு ஆபத்து உண்டு. இடது அறைக்குள் வந்துசேரும் கொஞ்ச இரத்தத்தை வெளியே தள்ளக்கூடத் தெம்பில்லாவிட்டால், அறை வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். வேலுவுக்கு அது தொடங்கிவிட்டிருந்தது. தொடை வழியாக ஒரு சிறு பம்பை இடது அறைக்குள் செலுத்தி அதை வற்றவைத்தால், இதயம் மீள வாய்ப்பிருந்தது. ஆனால் தேங்கிய இரத்தம் அறையின் நுனியில் ஏற்கனவே உறைந்து கட்டியாகியிருந்தால், அந்தப் பம்ப் கட்டியை உடைத்து மூளைக்கு அனுப்பிவிடும். கட்டி இருந்தால் மார்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்வது ஒன்றே வழி. அவன் இருந்த நிலையில் அறுவை மேசையிலிருந்து அவன் திரும்புவான் என்று யாரும் நம்பவில்லை.

ஆக, கேள்வி ஒன்றே: நுனியில் கட்டி இருக்கிறதா, இல்லையா?

மதியம் என்னைத்தான் முதலில் அழைத்தார்கள். வென்டிலேட்டர் ஊதிய நுரையீரல், வீங்கிய மார்பு, திருப்பிப் படுக்கவைக்க முடியாத உடல். புரோபை எங்கு வைத்தாலும் பனிமூட்டம்தான் தெரிந்தது. நான் போராடிக்கொண்டிருப்பதைத் துறைத்தலைவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர். யார் மனதும் நோகாதபடி பேசத் தெரிந்தவர்.

"கான்ட்ராஸ்ட் போட்டுத்தான் பாக்கணும் சுகுணா. எஸ்தரையும் கூப்பிட்டுக்கலாமே. ரெண்டு பேரா இருந்தா நல்லது."

'எஸ்தரையும்' என்றதில் இருந்த அந்த 'உம்'முக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எஸ்தரை அழைக்க வெளியே வந்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பார்வை நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. அந்த ஒருவர் யார் என்பதில் அஞ்சலைக்கும் மருமகள் மேகலாவுக்கும் தினமும் வழக்கு.

"நேத்து நீதானே போன? இன்னிக்கு நான் போறேன், வுடு."

"நேத்து நான் போனப்ப அது கண்ணத் தொறக்கல அத்தை. இன்னிக்குத் தொறந்தா நீ பாத்துடுவ. அதான் நான் போறேன்னு சொல்றேன்."

"அடிப்பாவி! தொறந்தா இன்னா, அவன் என்னப் பாக்கக் கூடாதா? என் வயித்துல பொறந்த புள்ளடி அது."

"வயித்துல பொறந்தது. ஆனா வூட்ல எங்கூடத்தானே கீது?"

அஞ்சலை என்னைப் பார்த்துவிட்டார். "டாக்டரம்மா, நீயே நாயம் சொல்லும்மா. தாய் முக்கியமா, நேத்து வந்தவ முக்கியமா?"

நான் இரண்டு பேரும் முக்கியம் என்பதுபோல் ஏதோ சொன்னேன். அவர் அதைக் கேட்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்வையைச் செலுத்தியபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னொரு டாக்டரம்மா கீறாங்களாமே, எஸ்தரு. அவங்க கைய வெச்சா கரெக்டா சொல்லிடுவாங்கன்னு நர்சம்மா சொல்லிச்சு. அவங்க வருவாங்களா?"

"அவங்களைக் கூப்பிடத்தான் போறேன்," என்றேன்.

"நீ நல்லா இருக்கணும் தாயி."

என் பணிவாழ்வில் நான் முழுமனதோடு வாங்கிக்கொள்ள முடியாத ஆசீர்வாதம் அது ஒன்றுதான்.

எஸ்தர் வந்தாள். நோயாளியிடம் பேச முடியாத இடத்தில்கூட அவள் பேசுவாள். மயக்கத்தில் இருந்த வேலுவின் காதருகே குனிந்து, "வேலு, கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும், ஒண்ணும் பண்ணாது," என்றாள். புரோபை வைத்தாள். எனக்கு வராத மங்கலான உருவம் ஒன்று அவளுக்கு வந்தது. அந்த மங்கலைக் கண்டுகூட எனக்கு எரிந்தது.

கான்ட்ராஸ்ட் என்பது மிகமிக நுண்ணிய வாயுக் குமிழிகள். இரத்தத்தில் கலந்ததும் எக்கோவில் அவை பளிச்சென்று ஒளிரும். இரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் வெளிச்சம் போகும். கட்டி இருக்கும் இடம் மட்டும் கறுப்பாகவே நிற்கும். எஸ்தர் மருந்தை ஊசியில் ஏற்றி, கழுத்துக் குழாயில் பொருத்தினாள். ஒரு கையில் புரோப், மறு கையில் ஊசி, கண் திரையில். நான் கைகளைக் கட்டிக்கொண்டு இடப்புறம் நின்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரை அன்போடு பார்ப்பவர் அவ்வப்போது கண்ணை எடுப்பார். பொறாமையோடு பார்ப்பவர் எடுப்பதில்லை. அவள் எப்படி நிற்கிறாள், முழங்கையை எங்கே ஊன்றுகிறாள், ஊசியை எந்த விரலால் பிடிக்கிறாள் என்று நான் எத்தனையோ ஆண்டுகளாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஊசி போடுமுன் அவள் எப்போதும் ஒரு முறை தலையைத் திருப்பி எக்மோவைப் பார்ப்பாள். அன்றும் திருப்பினாள். ஆனால் கட்டிலின் வலப்பக்கம் பார்த்தாள். இயந்திரம் கால்மாட்டில் இருந்தது.

வலப்பக்கம் இருந்தது பழைய இயந்திரம், அணைத்து வைக்கப்பட்டது. அதில் ஏதோ கோளாறு என்று அன்று காலையில்தான் வேலுவைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றியிருந்தார்கள். எஸ்தர் அன்று காலை வேறு வார்டில் இருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழையது குழாயில் குமிழி வந்தால் கத்தும். புதியது கத்தாது, நின்றுவிடும். காற்று போய் நோயாளியைக் கொன்றுவிடக் கூடாதே என்று அதற்குக் கொடுக்கப்பட்ட அறிவு அது; அதன் பெயர்தான் பப்புள் ஸ்டாப். கான்ட்ராஸ்ட் குமிழிக்கும் காற்றுக் குமிழிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நாம் நோயைப் பார்க்க அனுப்பும் வெளிச்சத்தை அது மரணம் என்று எண்ணி, உயிரை நிறுத்திவிடும்.

எஸ்தரின் கட்டைவிரல் ஊசியின் தலையில் இருந்தது.

"நில்லு எஸ்தர். பப்புள் ஸ்டாப் ஆஃப்ல இருக்கா?"

என் குரல் தேவைக்கு அதிகமாகவே உயர்ந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். எஸ்தரின் விரல் அப்படியே நின்றது. இயந்திரத்தை இயக்கும் பாஸ்கர், அடுத்த கட்டிலில் ஏதோ எச்சரிக்கை மணிக்காகப் போயிருந்தவர், ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

"ஆன்ல இருக்கு மேடம். போட்டுறாதீங்க, ஒரு நிமிஷம்."

அவர் அமைப்பை மாற்றினார். இனிக் குமிழி வந்தால் கத்தும், நிற்காது. நிஜக் காற்று வந்தால் குழாயை இறுக்குவதற்கான கிடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, இயந்திரத்தை ஒட்டி நின்றார். "இப்ப போடலாம். நான் இங்கயேதான் நிக்கறேன்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "தேங்க்ஸ் சுகு," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு ஊசியை அழுத்தினாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

வெளிச்சம் வந்தது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து இடது அறையின் சுவர்கள் எழுந்து வந்தன. மேலே பளபளப்பு, நடுவில் மெல்லிய சுழல். நுனியில் ஒரு கறுப்பு, பிறைபோல வளைந்து, அசையாமல்.

"கட்டி," என்றாள் எஸ்தர் மெதுவாக.

துறைத்தலைவர் பெருமூச்சு விட்டார். அறுவை சிகிச்சை நிபுணரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார்.

"இல்லை" என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது.

இளைய சகாக்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 'இல்லை' முதலில் வந்தது. அதற்கான காரணம் இன்னும் வந்திருக்கவில்லை. அந்தக் கறுப்பை நான் ஆராயும் முன்பே, அது கட்டியல்ல என்று என் நாக்குக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும்? எஸ்தர் கட்டி என்று சொன்னதனால் தெரியும். ஒரு நொடி முன்புதான் அவளை ஊரறியத் திருத்தியிருந்தேன். அந்தச் சுவை இன்னும் நாக்கில் இருந்தது. இன்னொரு முறை கிடைக்குமா என்று அது கேட்டது.

உண்மையும் பொறாமையும் ஒரே குரலில்தான் பேசும். உள்ளிருந்து கேட்கும்போது வேறுபாடு தெரியாது. அந்தக் குரலை நம்பிப் பேசினால், கட்டியுள்ள இதயத்துக்குள் பம்பை அனுப்பச் சொல்லி ஒருவனைக் கொல்லலாம். அந்தக் குரலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால், கட்டியில்லாத ஒருவனின் மார்பைத் திறக்கவைத்துக் கொல்லலாம். நல்லவளாக நடந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் அங்கே ஒரு ஆபத்துதான்.

வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தேன். இந்தப் படம் எஸ்தருடையது அல்ல, எனக்கு முன்பின் தெரியாத யாரோ எடுத்தது என்று வைத்துக்கொண்டால் என்ன கேட்பேன்? மருந்து கழுத்து வழியாகப் போகிறது. இதயத்தின் வலப்பக்கம் வந்ததும் பெரும்பகுதியை எக்மோவின் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. தப்பித்த கொஞ்சம்தான் நுரையீரல் வழியாக இடது அறைக்கு வருகிறது. வந்ததைக் கலக்கிவிட இதயத்துக்குத் தெம்பில்லை. அப்படியானால் நுனியில் தெரியும் கறுப்பு, வெளிச்சம் போய்ச் சேராத வெறும் இரத்தமாகவும் இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். இந்தப் படத்தை வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

"சார், போன் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை எக்மோ ஃப்ளோவைக் கொஞ்சம் குறைச்சுப் பாக்கலாமா? கான்ட்ராஸ்ட் லெஃப்ட் சைடுக்குச் சரியா வரலையோன்னு ஒரு டவுட்."

"குறைச்சா பிரஷர் விழும்மா."

"கொஞ்ச நேரம்தான் சார். விழுந்தா உடனே ஏத்திடலாம்."

எஸ்தர் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "என் மேல சந்தேகமா சுகு?" கோபமில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"உன் மேல இல்ல. அந்தக் கறுப்பு மேல."

அது பாதிப் பொய். அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

துறைத்தலைவர் தொலைபேசியைக் கீழே வைத்தார். "சரி. உன் சந்தேகம், நீயே எடும்மா. எஸ்தர், புரோபை சுகுணாகிட்ட குடு."

நான் எத்தனை ஆண்டுகளாகக் காத்திருந்த சொற்கள் அவை! எஸ்தரின் கையிலிருந்து, எஸ்தரின் முன்னால், எஸ்தரின் முடிவைத் திருத்துவதற்காக. அவள் நீட்டவும் செய்தாள்.

என் கை எழும்பவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் கணக்கு. சற்று முன்பு அதே மார்பில் எனக்குப் பனிமூட்டம் மட்டுமே வந்தது. நான் புரோபைப் பிடித்து, கறுப்பு கறுப்பாகவே இருந்தால், அது கட்டியினாலா என் கையினாலா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் சொன்னது தவறு என்று காட்ட அவள் கையே எனக்கு வேண்டியிருந்தது. இதைவிடக் கசப்பான தேவை ஒன்றை நான் அறிந்ததில்லை.

"எஸ்தரே பிடிக்கட்டும் சார். அவ எடுத்தாத்தான் தெளிவா தெரியும்."

அறையில் யாரும் இதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைத்தானே சொன்னேன்.

முதலில் வாய்விட்டுக் கேட்டேன்: "பப்புள் ஸ்டாப் இன்னும் ஆஃப்லதானே?" "ஆஃப்லதான் மேடம்," என்றார் பாஸ்கர். பிறகு மெதுவாக ஃப்ளோவைக் குறைத்தார். துறைத்தலைவர் இரத்த அழுத்தத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார், எண்கள் இறங்கின. எஸ்தர் மருந்தைச் செலுத்தினாள். வலப்பக்கம் ஒளிர்ந்தது. காத்திருந்தோம். இடப்பக்கம் ஒளிர்ந்தது. பிறை கறுப்பாகவே இருந்தது.

"சார், பிரஷர்…" என்றார் பாஸ்கர்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் எஸ்தர். நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். மணிக்கட்டை ஒரு நூலிழை சாய்த்தாள். என்னால் ஒருபோதும் கற்றுக்கொள்ள முடியாத அந்தச் சாய்ப்பு. நுனி இன்னும் சற்று முழுமையாகத் திரைக்குள் வந்தது.

பிறையின் விளிம்பில் ஒரு வெள்ளை இழை நுழைந்தது. டிகாஷனில் பால் இறங்குவதுபோல ஒன்று, பிறகு இன்னொன்று. இதயம் பலவீனமாக ஒருமுறை சுருங்கியது. இழைகள் கலைந்து பரவின. கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெளுத்து, நுனிச்சுவர் முழுவதும் ஒரே கோடாகத் தெளிந்தது. அங்கே ஒன்றுமில்லை.

நான் வாய் திறப்பதற்குள் எஸ்தர் சொல்லிவிட்டாள்.

"கட்டி இல்ல சார். நான் சொன்னது தப்பு. சுகு சொன்னதுதான் சரி."

பாஸ்கர் ஃப்ளோவை ஏற்றினார். எண்கள் ஏறின.

அவள் அதை எவ்வளவு எளிதாகச் சொன்னாள் என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. குரலில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. அவள் சொன்னது சரியாக இருந்து என்னுடையது தவறாக இருந்திருந்தால், நான் அப்படிச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன், தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு விளக்கங்களோடு. வென்ற நாளிலும் எனக்குப் பொறாமைப்பட ஒன்று மீதம் வைத்திருந்தாள்.

மாலைக்குள் அந்தச் சிறு பம்ப் வேலுவின் இதயத்துக்குள் போனது. நுரையீரலின் நீர் வடியத் தொடங்கியது. பிறகு வந்த நாட்களை விவரிக்க மாட்டேன். அவை ஏற்ற இறக்கங்கள் நிறைந்தவை, உங்களுக்கும் வாய்க்கும். அவன் இதயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வேலையைத் தானே செய்யக் கற்றுக்கொண்டது. எக்மோவை எடுத்தார்கள். பிறகு ஒரு காலை, மூச்சுக்குழாயையும் எடுத்தார்கள்.

அன்று மட்டும் இரண்டு பெண்களையும் உள்ளே விட்டோம். கட்டிலின் இரு பக்கமும் நின்றார்கள். அவன் யாரை முதலில் அழைக்கப்போகிறான் என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை, எனக்கு இந்த விஷயத்தில் இருந்த பயிற்சியால் சுலபமாகக் கண்டுகொண்டேன். வேலு உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, கரகரத்த குரலில் கேட்டான்.

"வண்டி… எங்க கீது?"

இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தியாடி இவன?" என்றார் அஞ்சலை. "செத்துப் பொழச்சு வந்துகினு, குட்டியானையக் கேக்கறான்!"

"அதயே கட்டிக்கச் சொல்லு அத்தை," என்றாள் மேகலா. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள், அழுதார்கள். அவர்கள் வழக்கு அன்றோடு தீர்ந்தது. பொதுவான எதிரி ஒன்று கிடைப்பதும் ஒரு கொடுப்பினைதான்.

வெளியே வந்த அஞ்சலை நேராக எஸ்தரிடம் போய் அவள் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்தக் கைதாம்மா என் புள்ளயக் குடுத்துச்சு."

"ஐயோ அம்மா, நான் இல்ல. நான் கட்டின்னு சொல்லிட்டேன். இதோ, இவங்கதான் இல்லன்னு கண்டுபிடிச்சாங்க. இவங்க இல்லன்னா நான் மிஷினையே நிறுத்தியிருப்பேன்." என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எஸ்தரின் பக்கம் திரும்பி, "பாரேன், எவ்ளோ பெரிய மனசு உனக்கு!" என்றார்.

அடுத்த வாரம் ஒரு பெரிய வஞ்சிரம் வந்தது, எஸ்தர் பெயருக்கு. பாதியை வெட்டிச் சுத்தம் செய்து டப்பாவில் போட்டு என் மேசையில் வைத்தாள். நல்ல மீன். குழம்பு வைத்தேன். என் கணவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, "எஸ்தர் குடுத்ததா? அதான் பார்த்தேன்," என்றார்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். வேலு வீட்டுக்குப் போனதும், இனி எக்மோ நோயாளிக்குக் கான்ட்ராஸ்ட் கொடுக்கும்போது இரண்டாவது மருத்துவர் ஒருவர் நிற்க வேண்டும், அவர்தான் கேட்க வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் முன்மொழிந்தவள் எஸ்தர். ஊசி பிடித்தவரின் கண் திரையில் இருக்கும். மனம் அடுத்த நொடியில் இருக்கும். கெட்டிக்காரர்களுக்கு இது இன்னும் அதிகம், ஏனென்றால் அவர்களுக்குப் பழக்கமே கண்ணாகிவிடுகிறது. எனவே வேலையில்லாத ஒரு ஜோடிக் கண்கள் வேண்டும். அவை உங்கள்மேல் பொறாமை கொண்ட கண்களாக இருந்தால் மிகவும் நல்லது; அப்படி ஒருவர் உங்கள் துறையில் இருந்தால் அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிடாதீர்கள்.

நீங்களே அந்த ஒருவராக இருந்தாலும் கவலை வேண்டாம். உங்கள் மறுப்பு முதலில் வந்து காரணம் பின்னால் வந்தால், மறுப்பைத் தள்ளிவிடாதீர்கள், நம்பியும் விடாதீர்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி கேளுங்கள். சோதனையை உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அறையில் எந்தக் கை சிறந்ததோ அதனிடம் கொடுங்கள். அது வலிக்கும். வலிக்கிறதா என்று நோயாளியிடம் கேட்பதுபோல உங்களிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு வேலையைத் தொடருங்கள்.

போகும் கூட்டங்களிலெல்லாம் எஸ்தர் இதைச் சொன்னாள். மேடையில் நின்று, "நான் அன்னிக்கு ஒரு உயிரை நிறுத்தியிருப்பேன், என் ஃப்ரெண்ட் சுகுணா தடுத்தா," என்று என் பெயரையும் தவறாமல் சொல்வாள். கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். சொன்னவளை நினைவில் வைத்துக்கொண்டார்கள். தன் பிழையைக்கூட அவளால் அவ்வளவு அழகாகச் சொல்ல முடிந்தது. அப்படித்தான் அந்தக் கேள்விக்கு 'எஸ்தர் கேள்வி' என்று பெயர் வந்தது.

அதைக் கேட்டவள் நான். அவள் கேட்கப்பட்டவள்.

என் வீட்டில் காபி குடித்துக்கொண்டு உங்களில் ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னபோது நான் சிரித்தேன் அல்லவா? பிறகு சென்ற வாரம், என் இரத்த அழுத்தத்தைக் காட்ட மருத்துவமனைக்கு வந்தவள், பழைய பழக்கத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் பக்கம் நடந்தேன். பாதி திறந்த கதவுக்கு அப்பால் உங்களில் ஒருவரின் குரல் கேட்டது.

"எஸ்தர் கேள்வி. பப்புள் ஸ்டாப்?"

"ஆஃப்ல இருக்கு மேடம்."

"போடுங்க."

யாரோ ஒருவரின் இதயத்துக்குள் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது போதும் என்று எழுதி முடிக்க ஆசைதான். போதவில்லை. இருந்தாலும், கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.